அறுபது வினாடிப் பேச்சு

அணியில் எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடும் நெடிய இளைஞனுக்கு இருபத்திரண்டு வயது. திங்கட்கிழமை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். அந்தக் கூடைப்பந்து அணியில் அதுவரை யாருக்கும் அவ்வளவு சம்பளம் பேசியதில்லை. மறுநாளே பயிற்சியாளர் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"பந்தைக் கூடையில போட்டா மட்டும் போதாதுப்பா. இனி நீதான் பசங்களை இழுத்துட்டுப் போகணும். வாயைத் திறந்து பேசு."

அவனுக்கு அந்த ஒன்றுதான் வராது. அக்காவிடம் யோசனை கேட்டான்.

"எழுதி மனப்பாடம் பண்ணு. நீ நாலு வார்த்தை சேர்த்துப் பேசி நானே கேட்டதில்லை," என்றாள்.

ஒரு பக்கம் எழுதினான். மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு புதன்கிழமை ஆட்டத்துக்குப் போனான்.

ஆட்டம் முடிய ஒன்பது வினாடி. ஒரு புள்ளி குறைவு. பயிற்சியாளர் இடைவேளை கேட்டார். கிடைப்பது அறுபது வினாடி. அதற்குள் யார் எங்கே ஓடுவது என்று அவர் பலகையில் வரைந்து காட்ட வேண்டும். அவர் பேனாவைத் திறப்பதற்குள் ஒட்டகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்..."

வாய் திறந்துவிட்டானே என்ற பூரிப்பில் பயிற்சியாளர் குறுக்கிடவில்லை. இரண்டாவது பத்தி முடியும்போது மணி அடித்தது. பலகை வெறுமையாக இருந்தது. ஐந்து பேரும் களத்தில் நின்று முழித்தார்கள். பந்து எதிரணிக்குப் போனது. தோல்வி.

மறுநாள் காலை ஆட்டத்தின் பதிவைத் திரையில் போட்டுச் சேர்ந்து பார்ப்பது அணியின் வழக்கம். தவறு செய்தவர் கையைத் தூக்கி, "என்னுது" என்று சொல்ல வேண்டும். ஒட்டகம் விளக்கு அணையும் முன்பே கையைத் தூக்கிவிட்டான்.

"என்னுது. பெரிய சம்பளம்னா பெரிய பேச்சும் பேசணும்னு நினைச்சுட்டேன். இனிமே என் பின்னால வருவீங்களான்னு தெரியலை."

களத்தில் பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகும் ஆட்டக்காரனை எல்லாரும் குட்டை என்பார்கள்; அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"பேச்சு நல்லாத்தான்டா இருந்துச்சு. நடுவுல மேட்ச்தான் குறுக்க வந்துருச்சு."

சிரிப்பு அடங்கியதும் அவனும் கையைத் தூக்கினான். "என்னுதும்தான். கடிகாரத்தைப் பார்த்துட்டேதான் இருந்தேன். பெரிய ஒப்பந்தக்காரன், நமக்கேன் வம்புன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"பேசச் சொன்னவன் நான்," என்று பயிற்சியாளர் கையும் மேலே போனது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும். நல்லவேளை, யாரோ விளக்கை அணைத்தார்கள். ஒட்டகம் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடிந்தது.

சனிக்கிழமை மறுபடி அதே நிலை: ஒரு புள்ளி குறைவு, ஒரே இடைவேளை. பயிற்சியாளர் வரைந்து முடித்து அவனை நிமிர்ந்து பார்த்தார். கடைசிப் பந்து அவனுக்கென்றுதான் வரைந்திருந்தார்.

"என்னை மூணு பேர் சுத்துவாங்க. குட்டை, நீ போடு. உன்னை விரட்டுறவனை நான் மறிக்கிறேன்."

மறித்தான். குட்டை போட்டான். விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னான். "பசங்களுக்கு நன்றி சொல்லணும்க்கா. எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை."

"எப்படியோ ஆரம்பி," என்றாள் அவள். "தயவுசெஞ்சு எழுதி மட்டும் வைக்காதே."