குகை மாமாவும் எட்டுப் பெட்டியும்

எட்டுப் பெட்டி. எட்டும் ஃபுல்லு. கப்பல் பேண்டுல காலம் பூரா டிரம்ஸ் வாசிச்ச ஒருத்தர், சின்ன வீட்டுக்கு மாறப்போறாராம். போன துறைமுகத்துல எல்லாம் வாங்கிச் சேர்த்த சோல், ஜாஸ், ஃபங்க் ரெக்கார்டு மொத்தத்தையும் தாடி கடைக்குக் கொடுத்துட்டாரு. தாடின்னா எங்க ரெக்கார்டு கடைக்காரர். முகத்துல தாடி இப்ப இல்ல, எடுத்துட்டாரு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

இந்த மாதிரி சரக்கு வந்தா தாடி ஒரு சட்டம் வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை ஆளுக்கு ஒரு ரெக்கார்டு எடுத்துட்டு வரணும். கவரைக் காட்டாம போடணும். பாட்டு முடியறதுக்குள்ள யாராலயும் இது இன்னாருன்னு சொல்ல முடியலைன்னா, அந்த ரெக்கார்டைக் கொண்டு வந்தவங்களுக்கு முதல் ஒரு மணி நேரம் பெட்டி மொத்தமும். மத்தவங்க வெளிய நின்னு வயிறெரியலாம்.

நான் ஒரு தடவை கூட ஜெயிச்சதில்ல. காரணம் பல் டாக்டர். அந்த மனுஷன் நாலு அடி டிரம்ஸ் கேட்டாலே வாசிச்சவன் ஜாதகத்தைச் சொல்லிடுவாரு. நம்ம வாயைத் திறக்கச் சொல்லிட்டு அவரே பேசிட்டு இருக்கற தொழில், இங்கயும் அதையேதான் பண்றாரு.

ஆனா இந்தத் தடவை என்கிட்ட குகை மாமா இருந்தாரு.

போன வருஷம் பழைய சாமான் கடையில ஒரு பெரிய ரெக்கார்டுத் தட்டு கிடைச்சுது. வெள்ளை லேபிள், வெள்ளைக் கவர், ஒரு எழுத்து கிடையாது. வீட்டுல போட்டேன். யானை நடக்கற மாதிரி ஒரு பேஸ் கிட்டார், அதுக்கு மேல குகைக்குள்ள உக்காந்து பாடற மாதிரி ஒரு ஆம்பளைக் குரல். அப்படியே சொக்கிட்டேன். அன்னையிலருந்து வீட்டுல அவர் பேரு குகை மாமா. அம்மா காய் நறுக்க உக்காந்தா, "உங்க மாமாவைப் போடுடி"ம்பாங்க. அப்பா ஷேவ் பண்ணிட்டே கூட பாடப் பாத்து இருமுவாரு. யாருன்னு நெட்டுல கேக்காத ஆள் இல்ல. ஒருத்தருக்கும் தெரியல.

கார் அக்காவோடது, அதனால அக்காவும் வந்தா. இன்சூரன்ஸ் கம்பெனியில பணம் கேட்டு எழுதறவங்களுக்கு எல்லாம் 'கிடையாது'ன்னு பதில் போடறது அவ வேலை. ரொம்ப ரசிச்சுப் பண்ணுவா.

எனக்கு முன்னாடி போட்டவங்களை எல்லாம் டாக்டர் சாச்சுட்டாரு. என் முறை. தாடி தட்டை வெளிய எடுத்து டியூப் லைட்டுல சாச்சுப் பாத்தாரு.

"இது நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து ஓடற தட்டாச்சே."

"இல்லண்ணா, நாப்பத்தஞ்சு சுத்தறது சின்னத் தட்டுதானே. இது பெருசு. முப்பத்திமூணு."

"ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. கோடு எவ்ளோ அகலம் பாரு. டான்ஸ் ஆடறதுக்குன்னு அடிச்சது, பெருசா இருந்தாலும் நாப்பத்தஞ்சுதான்." பட்டனை அமுக்கிட்டாரு.

என் பிளேயர்ல அந்தப் பட்டன் வாங்கும்போதே உடைஞ்சிருந்துச்சு. அதுக்குத் தெரிஞ்ச ஒரே ஸ்பீடு முப்பத்திமூணு.

ஊசி இறங்குச்சு. யானை துள்ளி ஓடுது. குகையிலருந்து ஒரு சின்னப் பொண்ணு வெளிய வரா. கடையே கால் தட்ட ஆரம்பிச்சிடுச்சு. டாக்டர் ஆடிக்கிட்டே அவ பேரு, பேண்டு பேரு எல்லாம் சொல்லிட்டு, "எங்கிட்ட ரெண்டு காப்பி இருக்கே"ன்னாரு.

எனக்குக் காதுல எதுவும் ஏறல. ஒரு வருஷமா தேடின ஆளு பொறக்கவே இல்ல, மெதுவா சுத்தவிட்ட பொண்ணு குரல்தான் அவரு. அவருக்கு மீசை எல்லாம் வெச்சுப் பாத்திருந்தேன். அக்கா ரேக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. "ஏண்டி, அப்ப நம்ம அப்பா தினம் காலையில ஒரு பொண்ணு கூடவா டூயட் பாடிட்டு இருந்தாரு?"

டாக்டர்தான், "நீ எப்படிம்மா கேட்டுட்டு இருந்த? அப்படிப் போடுங்க, கேப்போம்"னாரு.

தாடி முப்பத்திமூணுக்கு மாத்தினாரு. மாமா வந்தாரு. காலெல்லாம் நின்னுடுச்சு. டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "யாருய்யா இது"ன்னு முணுமுணுத்தாரு.

அக்கா சிரிப்பை நிறுத்திட்டா. "டாக்டர், இப்ப என்ன கேட்டீங்க?"

"சும்மா கேட்டேன்மா."

"யாரு இதுன்னு கேட்டீங்க. தெரிஞ்சவங்க அப்படிக் கேப்பாங்களா?"

"அதே பொண்ணுதானே?"

"நீங்க சொன்ன பொண்ணுக்கு இருவது வயசு. இவருக்கு அம்பது இருக்கும், ரெண்டு கல்யாணம் ஆயிருக்கும். இவர் பேரைச் சொல்லுங்க."

"இல்லாத ஆளுக்கு நான் எங்க போய் பேரு தேடறது?"

"அப்ப தெரியலைன்னு வெச்சுக்கலாமா?"

டாக்டர் தாடியைப் பாத்தாரு. தாடி இல்லாத தாடியைச் சொறிஞ்சாரு. "பாட்டு இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு டாக்டர். முடியறதுக்குள்ள சொன்னா போதும்."

டாக்டர் வாயைத் திறந்தாரு. மூடிட்டாரு. அப்புறம் கண்ணையும் மூடிட்டு, கடைசி வரைக்கும் தலையை ஆட்டிட்டே நின்னாரு. ஊசி தூக்கினதும், "தெரியல"ன்னாரு. "இன்னொரு தடவை போடுங்க."

நான் அதுக்குள்ள பின் ரூமுக்கு ஓடிட்டேன்.

ஐயோ அந்தப் பெட்டிங்க. விரல் நுழையாத அளவுக்குத் திணிச்சு வெச்சிருக்காரு டிரம்ஸ்காரர். ஒரு கவர்ல டிராம்போன் வாசிக்கறவன் சோஃபாவுல தலைகீழா கிடக்கான். ஒண்ணுல ஆர்கன் மேல ஒரு நாய் தூங்குது. டிரம்ஸ் நல்லா இருக்கற பாட்டுக்கு எல்லாம் பென்சில்ல ஒரு சின்னப் புள்ளி. "இங்க பாரேன்கா"ன்னு கூடவே வந்த அக்காகிட்ட நீட்டினேன். போனைப் பாத்துட்டே "நல்லாருக்கு"ன்னா. அடுத்ததை நீட்டினேன். "ம்." குப்பைக்கூடையை நீட்டினாலும் இதையேதான் சொல்லுவா.

தாங்கல. கதவைத் திறந்தேன். அதுல சாஞ்சு நின்னுட்டு இருந்த டாக்டர் உள்ள விழப் பாத்தாரு.

"டாக்டர், ஒரே நிமிஷம், இதைப் பாருங்க."

"சட்டம் சட்டம்தான்மா. நான் தொட மாட்டேன்." ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிட்டு வந்து குனிஞ்சாரு. அப்புறம், "அடிப்பாவி, அதை விடு, பின்னாடி இருக்கறதை எடு."

"எது, பச்சையா?"

"அதேதான். மெதுவா. முனை மடங்கப்போகுது."

கை கட்டினது கட்டினபடிதான் இருந்துச்சு. வாய்தான் எட்டாவது பெட்டி வரைக்கும் ஓயல.