சைபீரியாவின் இரண்டாம் பாகம்

என் கணவர் ஆனந்தராஜாவுக்குச் சைபீரியா என்றால் உயிர். நாங்கள் இருக்கும் இந்த டெனிஷ் ஊர் ஹோர்சன்ஸின் குளிர் போதாதென்று, ஜார் மன்னர்கள் கைதிகளை நாடுகடத்திய அந்தக் குளிரையும் புத்தகம் புத்தகமாக வாங்கி வந்து வீட்டுக்குள் அடுக்கியிருக்கிறார். பகலில் தொழிற்சாலை வேலை. பின்னேரமானால் காலில் விலங்கும் பாதி மழித்த தலையுமாக நடக்கிற கைதிகள். வீட்டுக்கு ஆர் வந்தாலும் முதலில் இந்த ஊர்ப் பழைய சிறைச்சாலைக்குக் கூட்டிப் போவார். இப்போது அது மியூசியம். அதைச் சுற்றிக் காட்டி முடித்த பிறகுதான் எனக்குச் சோறு போட அனுமதி.

அவருக்கு இருந்த ஒரே குறை இரண்டாம் பாகம். கைதிகளின் கட்டாய வேலையையும் நாடுகடத்தலையும் பற்றி டெனிஷில் இரண்டு பாகமாக வந்த பழைய புத்தகம் ஒன்றில் முதல் பாகம் மட்டுமே அவரிடம் இருந்தது. அது, சைபீரிய எல்லைத் தூணைக் கட்டிப்பிடித்துக் கைதிகள் அழுவதோடு முடிந்துவிடும். பிறகு அந்தச் சனம் என்னானது என்று தெரியாமல் இவர் வருசக்கணக்காகப் பழைய புத்தகக் கடைகளில் தூசி தட்டினார். நூலகத்தில் இரவல் எடுங்கோவன் என்றால், இரவல் புத்தகத்தில் கோடு போட ஏலாது என்பார்.

என் தம்பி குகதாசன் கூட்டாளி ஒருவனுக்காகக் காரில் கஞ்சா ஏற்றிப் பிடிபட்டுச் சிறைக்குப் போய் மறியலில் இருந்தவன். இவர் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. "வாசிக்கட்டும், புத்தி தெளியும்" என்று அந்த முதல் பாகத்தை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டார். குகன் அதை முழுக்க வாசித்து, ஒரு மூலையும் மடியாமல் திருப்பித் தந்தான். வெளியே வந்ததும் பார்சல் கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் அவன் வருவது இவருக்கு விருப்பமில்லை. "கிருசாந்தியின்ரை அலுவல் ஒப்பேறட்டும், பிறகு பாப்பம்" என்றார். நானும் ஓம் என்றேன்.

கிருசாந்தி எங்கள் மகள். அவளும் ஒடென்சேப் பெடியன் தாரகனும் தாங்களே பேசி முடிவெடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் சந்திப்பதுதான் பாக்கி. போன சனிக்கிழமை தாரகனின் தாய் தகப்பன், சுசீலாதேவி அக்காவும் நவரத்தினம் அண்ணையும், பிள்ளைகள் இல்லாமல் தனியாக, முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வெளியே மழை. நான் ரோல்ஸ் பொரித்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறார் எல்லே?" என்று சுசீலாதேவி அக்கா கேட்டார்.

"ஓம், கனடாவிலை" என்றேன். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த பதில். தடக்காமல் வந்தது.

இவர் அவசரமாகப் பேச்சை மாற்றிச் சைபீரியாவுக்குப் போனார். "அந்த ஊர்ச் சனம் கைதியளைக் குற்றவாளி எண்டு சொல்லுறேல்லை, அக்கா. பாவப்பட்டவை எண்டுதான் சொல்லும். தப்பி ஓடி வாறவனுக்கு யன்னல் தட்டிலை பாணும் பாலும் வைச்சிட்டுப் போய்ப் படுக்கும். நீ ஆர், என்ன செய்தனி எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

இந்த இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும். நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன், நூறு தரமும் தழுதழுத்திருக்கிறது. சுசீலாதேவி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

இவர் போய்க் கதவைத் திறந்தார். நான் ரோல்ஸ் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். வெளியே மஞ்சள் வேலைச் சட்டையில் குகன். நனைந்த தலை, முகமெல்லாம் சிரிப்பு. பிளாஸ்டிக் பையில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தான். பைக்குள் பச்சை அட்டை தெரிந்தது. முதல் பாகத்தின் அதே பச்சை. எஸ்பியர்க்கில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்தானாம், பிறகு சொன்னான்.

அவன் "அத்தான்" என்று வாயெடுக்க முன்பே இவர் டெனிஷில் சத்தமாகச் சொன்னார்: "ஓ, பார்சலா? நன்றி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?"

குகன் இவரைப் பார்த்தான். வாசலில் கிடந்த விருந்தாளிகளின் சப்பாத்துகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தட்டிலிருந்த ரோல்ஸைப் பார்த்தேன்.

"இங்கே" என்று டெனிஷில் சொல்லி, இடுப்பில் தொங்கிய கருவியை நீட்டினான். இவர் விரலால் ஒரு கீறு கீறினார். சனிக்கிழமைகளில் எல்லாப் பார்சல்காரரும் சொல்வதுபோல நல்ல வார இறுதி வாழ்த்தும் சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

"எங்கடை பெடியன் போலை கிடக்கு" என்றார் சுசீலாதேவி அக்கா.

"இல்லையில்லை, பங்களாதேஷ் ஆளாயிருக்கும்" என்றார் இவர்.

வருசக்கணக்காகத் தேடிய புத்தகம் அவர் மடியில் கிடந்தது. அவர் பையைப் பிரிக்கக்கூட இல்லை. எனக்கு வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. அவரைக் குறை சொல்லி என்ன? அவருக்கு அவன் மைத்துனன்தான். எனக்குக் கூடப் பிறந்தவன். அவனைக் கனடாவுக்கு அனுப்பியபோது நான் ஊற்றிய தேத்தண்ணி இன்னும் ஆறியிருக்கவில்லை.

சுசீலாதேவி அக்கா யன்னலால் எட்டிப் பார்த்தார். "பாவம், பார்சல் வானுக்கை தலையைக் கவிட்டுக்கொண்டு இருக்கிறான். மழையுக்கை என்ன வேலையோ. கூப்பிட்டு ஒரு ரோல்ஸ் குடுங்கோவன்."

இவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவருக்கு வழி கிடைத்துவிட்டது. "ஏன் கூப்பிடுவான்? நாங்களும் சைபீரியாச் சனம் மாதிரிச் செய்வம்" என்று எழும்பினார். இரண்டு ரோல்ஸை ரிஷுக் கடதாசியில் சுற்றினார். யன்னலைத் திறந்து வெளித்தட்டில் வைத்தார். நவரத்தினம் அண்ணை கைதட்டிச் சிரித்தார். இவரும் சிரித்தார். மழையில் ரிஷு நனைந்து ரோல்ஸோடு ஒட்டிக்கொண்டது.

அதற்குமேல் என்னால் ஏலவில்லை.

"அது ஓடி ஒளிச்சு வந்தவைக்கு வைச்ச பாண்" என்றேன். "என்ரை தம்பி மணி அடிச்செல்லே வந்தவன்."

இவர் யன்னலைப் பிடித்தபடியே நின்றார்.

"ஆர், கனடாத் தம்பியோ?" என்று மெதுவாகக் கேட்டார் சுசீலாதேவி அக்கா.

"கனடா பொய், அக்கா. மறியலிலை இருந்தவன். அந்தா, வானுக்கை இருக்கிறான்."

கிருசாந்தியின் முகம் கண்ணுக்குள் வந்தது. அந்த இருவரின் முகத்தையும் பார்க்கத் துணிவில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

குகன் வானின் கண்ணாடியை இறக்கினான். என் தோளுக்கு மேலால் வீட்டைப் பார்த்தான். யன்னலில் மூன்று முகங்கள் தெரிந்திருக்கும். உடனே நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டெனிஷில் கேட்டான்: "பார்சலில் ஏதும் பிழையா?"

அவன் ஒருநாளும் என்னோடு டெனிஷில் கதைத்ததில்லை. என் மானத்தைக் காப்பாற்ற எனக்கு அந்நியனாகிறான். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"உள்ளுக்கை வா" என்றேன். குரல் எழும்பவில்லை.

"பிழையில்லை என்றால் நான் புறப்படுகிறேன்" என்று அதே டெனிஷில் சொல்லிச் சாவியைத் திருப்பினான்.

நான் வான் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். திறந்து கிடந்த யன்னலுக்கும் கேட்கும்படி திரும்பச் சொன்னேன்.

"தம்பி, அக்கா கூப்பிடுறன். உள்ளுக்கை வா."