கூண்டுக்கு அடியில்

எழிலரசி கடல் உயிரியல் படித்தவள். கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கடலை பயிரிடும் குடும்பம். படித்து முடித்ததும், கடலில் கூண்டு கட்டிக் கொடுவா மீன் வளர்க்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை உள்ளூர் மீனவர் வேணுவின் படகில் போய், கூண்டுகளுக்கு அடியிலிருந்து சேற்றை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

முதல் வருடம் சேற்றில் புழுவும் சிறு நத்தையும் இருந்தன. அடுத்த வருடம் சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. நீரோட்டம் குறைந்த இடம். மீன் தின்னாத தீனியும் கழிவும் அங்கேயே படிந்துவிட்டன. ஒரு புழுகூட இல்லை.

மேலாளர் பிரசாத் அறிக்கையைப் படித்தார். "அடுத்த தடவ ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் எடும்மா."

"அங்க எடுத்தா கூண்டுக்கு அடியில இருக்கறது எப்படி சார் தெரியும்?"

"தெரிய வேணாம்னுதான் சொல்றேன்."

அன்றே வேலையை விட்டாள். அறிக்கையைத் தன் பெயரிலேயே மீன்வளத் துறைக்கு அனுப்பினாள். ஊருக்குப் பக்கத்தில், திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் வரவேற்பு வேலை கிடைத்தது. மாடியில் தங்க ஓர் அறை.

அண்ணன் அர்ஜுனன் ஒருமுறை வந்தான். "மீனுக்காகவா வேலைய விட்ட?"

"மண்ணுக்காக. கடலுக்கு அடியிலயும் மண்ணு இருக்குண்ணா. அது செத்துப்போச்சு."

அவன் சிரித்தான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி தெரு கொள்ளாத கிரிவலக் கூட்டம். சாவி கொடுத்தாள், சாவி வாங்கினாள். வெந்நீர் எப்போது வரும் என்பதைத் தவிர அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வேணு போன் செய்தார்.

"ஆபீசருங்க வந்து பாத்தாங்கம்மா. கம்பெனிக்காரங்க கூண்டெல்லாம் நீரோட்டம் இருக்கற ஆழத்துக்கு இழுத்துட்டுப் போறாங்க."

எழிலரசி கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தாள். "பழைய இடம் எப்படி இருக்கு?"

"அப்படியேதான். நண்டு வலையில ஒண்ணும் விழல."

வரவேற்பறையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். சொல்லிச் சந்தோஷப்பட அவர்களில் ஒருவர்கூட இல்லை.

"அடுத்த மாசம் வரேன். என்னை அங்க கூட்டிட்டுப் போறீங்களா? சேறு எடுத்துப் பாக்கணும்."

"இப்பதான் கம்பெனி வேலை இல்லையே. யாருக்கும்மா எடுக்கற?"



"எனக்குத்தான்," என்றாள். "புழு திரும்பி வருதான்னு பாக்கணும்."