அம்மாவின் காருக்கு அக்கா சொன்ன விலை

மதிப்பீட்டாளர் காரைப் பார்ப்பதற்கு முன் காரின் கீழிருந்த தரையைப் பார்த்தார். எண்ணெய்க் கறை ஏதும் புதிதாக இல்லை என்று திருப்திப்பட்ட பிறகே, துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கதவின் அடிப்பக்கத்தில் வைத்தார். காந்தம் கவ்விக்கொண்டது. துருப்பிடித்த இடத்தைப் புட்டிப் பசை பூசி மறைத்திருந்தால் அது வழுக்கி விழுந்திருக்கும். ஒவ்வொரு கதவாக அவர் காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனார். அது எங்கும் விழவில்லை.

“தகடு சுத்தம்” என்றார், காருக்கே சான்றிதழ் கொடுப்பவரைப் போல.

அக்கா கார்க் கொட்டகையின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை இந்தத் தெருவே அக்கா என்றுதான் அழைக்கும். தம்பி வைத்த பெயர் அம்மா வாய்க்கும் தொற்றி, பிறகு அவள் வேலை செய்யும் மருந்துக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எஞ்சினிலிருந்து கழற்றி ஆணியில் தொங்கவிட்ட பழைய விசிறிப்பட்டை ஒன்று, அவ்வளவுதான். ஆனாலும் காலையிலிருந்து அவள் அதைத்தான் பார்த்தாள். காரைப் பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

கரும்பச்சை நிறம், வட்ட முகப்பு விளக்குகள், தவளையின் முதுகு போல் வளைந்த பின்பகுதி. அம்மா வாங்கும்போதே அது பழைய கார்தான். அம்மா கால்நடை மருத்துவர். ஓய்வு பெறும்வரை அந்தக் காரில்தான் பண்ணை பண்ணையாகச் சுற்றினாள்.

“பின் சீட்டு ஓரம் ஏன் இப்படி இருக்கு? எலியா?” என்று மதிப்பீட்டாளர் உள்ளேயிருந்து கேட்டார்.

“ஆடு” என்றாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா. “காலொடிஞ்சு வந்த கேஸு. பீஸும் வரல, சீட்டையும் தின்னுட்டுப் போயிடுச்சு.”

“இதுக்கு விலையில கொஞ்சம் குறையும் டாக்டரம்மா.”

“அந்த ஆட்டுக்கு நான் கட்டுப் போட்ட அழகைப் பாத்திருந்தா கூட்டிப் போட்டிருப்பீங்க.”

அவர் சிரித்துக்கொண்டே கைவிளக்கை எஞ்சின்மேல் பிடித்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே. எஞ்சின் மாற்றப்படாதது என்பதைக் கண்டதும் அவர் குரலே மரியாதைக்கு மாறியது. இந்த ஒன்றுதான் விலையைத் தூக்கி நிறுத்தும் என்றார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினார்.

“விக்கப் போறீங்களா, வச்சுக்கப் போறீங்களா?”

“விலை தெரியணும். அவ்வளவுதான்.”

“அவசரத்துக்கு வித்தா பதினேழாயிரம். பழைய கார்னா பைத்தியமா இருக்கிற ஆள் யாராவது மாட்டினா இருபத்து மூணு வரைக்கும் இழுக்கலாம். அதுக்கு மேல எவனும் குடுக்க மாட்டான். நியாயமான விலைன்னு கேட்டா, இருபது.”

அவர் தன் கூலியை வாங்கிக்கொண்டு போனார். அக்காவின் சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அம்மா இந்த வீட்டை விட்டு நாலாவது மாடியிலிருக்கும் ஒரு சின்னக் குடியிருப்புக்குப் போகிறாள். அங்கே கார் நிறுத்த இடமில்லை. காரை இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டாள். யார் வைத்துக்கொள்வது என்பதற்கு, அவர்கள் அரை ஆள் உயரம் இருந்த காலத்து வீட்டுச் சட்டத்தையே திரும்பவும் எடுத்தாள். ஒரு துண்டு கேக் இருந்தால் அக்கா வெட்ட வேண்டும், தம்பி எடுக்க வேண்டும். வெட்டுபவர் ஒருவர், எடுப்பவர் மற்றவர் என்றால் எந்தப் பாதியும் சிறுத்துப் போகாது என்பது அம்மாவின் கணக்கு. இப்போது கேக்கின் இடத்தில் கார். அக்கா ஒரு விலை சொல்வாள். தம்பி அதைக் கேட்டு, ஒன்று காரை எடுத்துக்கொண்டு விலையில் பாதியை அக்காவுக்குக் கொடுப்பான். அல்லது காரை அக்காவிடமே விட்டுவிட்டுப் பாதியைப் பணமாக வாங்கிக்கொள்வான். சொன்ன பிறகு மாற்றக் கூடாது.

சட்டம் நியாயமானதுதான். அதை அம்மா இயற்றியபோது கவனிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. தம்பி ஒருநாளும் கேக்கைப் பார்த்து எடுத்ததில்லை. அக்காவின் கண்ணைப் பார்த்துத்தான் எடுத்தான். எந்தத் துண்டின்மேல் அவள் பார்வை ஒரு நொடி கூடுதலாகத் தங்கியதோ, அந்தத் துண்டு அவன் தட்டில் இருக்கும். ஓரத்தில் செர்ரிப்பழம் ஒட்டியிருந்த பாதி, க்ரீம் வழிந்த பாதி என்று அவள் இழந்தவை ஏராளம். அதனால் அவள் சீக்கிரமே ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். வேண்டியதைப் பார்க்காமலிருப்பது, வேண்டும் என்று சொல்லாமலிருப்பது. வளர வளர அந்த வித்தை பழகிப் பழகி, மற்றவர்கள் அதை அவளுடைய குணம் என்றே நினைக்கும்படி ஆகிவிட்டது. “அக்காவுக்கு எதுலயும் ஆசை கிடையாது” என்று தம்பியே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அந்தக் கார் வேண்டும். வேறு எதையும் அவள் இவ்வளவு விரும்பியதாக நினைவில்லை.

என்ன விலை சொல்வது? குறைத்துச் சொன்னால் தம்பி காரை எடுத்து, மறுநாளே யாருக்காவது கூட வைத்து விற்றுவிடுவான். அவன் ரொட்டிக்கடை வைத்திருக்கிறான். பெரிய ஓவன் ஒன்று வாங்க ஆலாய்ப் பறக்கிறான். சரியாக இருபது என்றால் தராசு முள் நடுவில் நிற்கும். எந்தப் பக்கம் சாய்வான் என்று சொல்ல முடியாது. மருந்துக்கடையில் அவள் ஒரு துளி கூட்டியோ குறைத்தோ அளந்ததில்லை. ஆனால் அன்று மதியம் முழுவதும், அம்மாவின் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியபடி, அவள் அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போனாள். எவனும் கொடுக்க மாட்டான் என்று மதிப்பீட்டாளர் சொன்ன எல்லையைத் தாண்டிய ஒரு விலையைச் சொன்னால், ஓவனுக்காகத் தவிக்கும் ஒருவன் வாயை மூடிக்கொண்டு பணத்தை வாங்கிக்கொள்ள மாட்டானா? சேமிப்பில் பெரும்பகுதி கரையும். கரையட்டும் என்று முடிவு செய்து, கடைசிப் பெட்டியை ஒட்டினாள்.

மாலையில் தம்பி வந்தான். முழங்கையில் மாவு, கக்கத்தில் காகிதப்பையில் ஒரு ரொட்டி.

“வாடா முதலாளி” என்றாள் அம்மா. “வேன் எங்கே?”

“டெலிவரிக்குப் போயிருக்கு. நடந்துதான் வந்தேன்.” ரொட்டியை அம்மா மடியில் வைத்துவிட்டுப் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தான். “என்னக்கா, கேக்கு வெட்டியாச்சா?”

“வெட்டியாச்சு.”

“அப்போ சொல்லு.”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்த ஜன்னலில் கார் தெரியாது. அதனால்தான் அந்த ஜன்னல். “இருபத்து நாலாயிரம்.”

தம்பி முழங்கையிலிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான், கண்கொத்திப் பாம்பாக. பழைய பார்வைதான், ஆளுக்குத்தான் தாடி வளர்ந்திருந்தது.

“இருபத்து நாலா?”

“ஆமா.”

“ஆளை வச்சுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எவ்வளவு சொன்னாரு?”

“அதைச் சொல்லணும்னு சட்டத்துல இல்ல” என்றாள். அம்மா தலையை ஆட்டினாள், இல்லைதான்.

தம்பியின் உதடு மெல்ல விரிந்தது. “அக்கா, நீ யாரு? மாத்திரையை எண்ணிக் குடுக்கும்போது ஒண்ணு அதிகமாக் குடுக்காத ஆளு. பஸ்ல சில்லறை பாக்கின்னா அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய் வாங்குவ. நீ இருபத்து நாலுன்னு சொல்றேன்னா, அந்த ஆள் முப்பது சொல்லியிருக்காரு. ஆறை அமுக்கிட்டு என் தலையில மிளகாய் அரைக்கப் பாக்குற.”

“டேய், அப்படியெல்லாம் இல்ல.”

“உன் காதே சிவக்குதே!” அவன் எழுந்துவிட்டான். “கார் எனக்கு. பன்னிரண்டு உனக்கு. ஓவன் காசை எடுத்துக் குடுத்துடறேன். காரை முப்பதுக்குத் தள்ளிட்டு ஓவனையும் வாங்கிக்கறேன்.”

“சொல்லியாச்சா?” என்று அம்மா கேட்டாள்.

“சொல்லியாச்சு.”

“மாத்த முடியாது.”

“எதுக்கும்மா மாத்தணும்?”

அக்கா காரை விலைபோட்டாள், தம்பியின் தேவையை விலைபோட்டாள், தன் வாயிலிருந்து வரும் எண் அவன் காதில் என்னவாக ஒலிக்கும் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அவன் இன்றும் கேக்கைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

ஆனாலும் அவள் அழுகிற ரகமில்லை. கைப்பையைத் திறந்து, சாவியை எடுத்து நீட்டினாள். “வா. ஸ்டார்ட் பண்ணக் காட்டறேன். இல்லன்னா கெடுத்துடுவ.”

கொட்டகையில் மாலை வெயில் காரின் மூக்கு வரைக்கும் வந்திருந்தது. தம்பி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகினான். எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

“அப்படி இல்ல. இந்தச் சோக்குக் குமிழைப் பாதிதான் இழுக்கணும். முழுசா இழுத்தா மூச்சுத் திணறும். ஆக்ஸிலேட்டரை ரெண்டு தடவை மெதுவா மிதி, காலை எடுத்துடு. பெட்ரோல் வாசம் வரும். வந்த பிறகு திருகு.” அவள் பேசிக்கொண்டே காரைச் சுற்றி வந்தாள். இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, காலையிலிருந்து முதல்முறையாகக் காரை நேராகப் பார்த்தாள். “மழை பேஞ்சா பின்னாடி டிக்கியில தண்ணி இறங்கும், ஒரு துணி போட்டு வை. மேட்டுல ரிவர்ஸ் எடுக்காதே, கியர் நழுவுது. பக்கத்து சீட்டுக் கதவைக் கீழே பிடிச்சுத் தூக்கி மூடணும், அறைஞ்சா கீல் போயிடும். ஹார்ன் சில நாள் அடிக்காது. அதுக்குக் கோபப்படாதே, மறுநாள் அடிக்கும். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டணும். நின்னுட்டா மனசு விட்டுப் போயிடும் இதுக்கு.”

எஞ்சின் ஓடத் தொடங்கி, தாளம் பிடித்து நிதானமாகியது. தம்பி அதைக் கவனிக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அவளையே பார்த்தான்.

“இவ்வளவு ஓட்டை இருக்கிற காரையா இருபத்து நாலு சொன்ன?”

“ஓட்டை இல்லடா. பழக்கம்.”

“அம்மா இதைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு. உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?”

“ஞாயித்துக்கிழமை வருவேன்ல.”

“அம்மாவைப் பாக்க வர்றேன்னு சொல்லுவியே?”

“என்னையும் பாக்கத்தான் செய்வா” என்று வீட்டுப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. “வண்டியைப் பாத்து முடிச்சதுக்கு அப்புறம்.”

தம்பி எஞ்சினை அணைத்தான். விற்க நினைப்பவள் குறையை மறைப்பாள். எடுக்கவிடாமல் பயமுறுத்த நினைப்பவள், அவன் முடிவு சொல்வதற்கு முன்பே பயமுறுத்தியிருப்பாள். முடிந்துபோன பிறகு, தனக்கு ஒரு பைசாவும் லாபமில்லாதபோது, ஒருத்தி நின்று இப்படிக் கதவுக்கும் ஹார்னுக்கும் பரிந்து பேசுகிறாள் என்றால், அதற்கு என்ன பொருள் என்று அவனுக்கு மெல்ல மெல்லப் புலப்பட்டது.

“உண்மையைச் சொல்லு. அந்த ஆள் எவ்வளவு சொன்னாரு?”

“இருபது.”

“அப்போ மேல நாலு?”

“நீ எடுத்துடக் கூடாதுன்னு.”

“அதைப் பாத்துத்தான் எடுத்தேன்!” அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தான். நெற்றி பட்டு ஹார்ன் அடித்தது. “ஏன்க்கா, வேணும்னா வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன?”

“கேட்டிருந்தா விட்டிருப்பியா?”

அவன் யோசித்தான். பொய் சொல்லலாமா என்றும் யோசித்தது முகத்தில் தெரிந்தது. “விட்டிருக்க மாட்டேன்” என்றான்.

“அப்புறம் என்ன.”

“சரி, இப்போ நான் மாட்டிக்கிட்டேன். சொன்னதை மாத்த முடியாது, அம்மா விட மாட்டா. வெளியில வித்தா இருபதுக்கு மேல தேறாது. ஊர்லயே இதுக்கு இருபத்து நாலு குடுக்கிற ஒரே ஆள் நீதான்.”

“ஆமா.”

“அப்போ உன்கிட்டதான் விக்கணும். மாத்தக் கூடாதுன்னுதானே சட்டம், விக்கக் கூடாதுன்னு இல்லையே. இருபத்து நாலு. ஒரு காசு குறைக்க மாட்டேன்.” அவன் அவளுக்குத் தர வேண்டிய பன்னிரண்டைக் கழித்தால், அவள் மதியம் பெட்டி ஒட்டும்போது கொடுக்கத் துணிந்த அதே பன்னிரண்டுதான் நின்றது. “பேரம் பேசலாம். பேசு.”

“வேணாம்.”

“நாலாயிரம் தண்டம்னு உனக்கே தெரியும்.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

அக்கா காரைப் பார்த்தாள். தம்பி தன் கண்ணைப் பார்க்கிறான் என்று தெரிந்தே, பார்வையை எடுக்காமல் பார்த்தாள்.

“எனக்கு வேணும்” என்றாள். சொல்லிவிட்டு, போதவில்லை என்பது போல மறுபடியும் சொன்னாள். “இந்தக் கார் எனக்கு வேணும்.”

தம்பி ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சாவியை அவள் கையில் வைத்தான். ஓட்டுநர் இருக்கையை விட்டிறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் ஏறினான்.

“கடை வரைக்கும் கொண்டு விடு. நடந்து வந்தவன்.”

அவள் உட்கார்ந்து சோக்கைப் பாதி இழுத்தாள். ரெண்டு மிதி, வாசம், திருகியதும் எஞ்சின் பிடித்தது. தம்பி கதவை இழுத்தான். அது மூடாமல் திரும்பி வந்தது.

“கீழே பிடிச்சுத் தூக்குன்னு சொன்னேன்ல?”

“உன் காருதானே? நீயே மூடு.”

அக்கா எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி, காரின் முன்புறமாகச் சுற்றி வந்து, கதவைக் கீழே பிடித்து ஒரு விரற்கடை தூக்கி மூடினாள்.