டெல்ஃபீன் பக்கத்து நியாயம்

ஆர்வித் லிண்டாலைக் கல்யாணம் செய்துகொண்டபோது வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, அவருக்கு எழுபத்தொன்று. அவள் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவரோ சுப்பீரியர் ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பல்களுக்குச் சொந்தக்காரராக இருந்து, அவற்றை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, மனைவி இறந்த பிறகு ஏரிக்கரை வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவர். அந்த ஏரிக்கரை ஊரான டுலுத் அப்படியொன்றும் சின்ன ஊர் இல்லை. வம்புக்கு மட்டும் சின்ன ஊர். “சூப் ஊத்திக் குடுத்தே கப்பலைப் பிடிச்சுட்டா” என்று சர்ச் வாசலில் பேசிக்கொண்டது வெர்னாவின் காதிலும் விழுந்தது. அவள் நின்று திரும்பி, “கப்பலை எப்பவோ வித்தாச்சு, மிச்சம் இருந்தது கிழவர்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆர்வித்தின் மகள் கிர்ஸ்டன் வம்பு பேசவில்லை. அவள் வெர்னாவிடம் பேசுவதே அபூர்வம். மூன்று வருஷமாக “மிசஸ் லிண்டால்” என்ற விளிப்புக்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் நடத்துகிறவள்; வியாழக்கிழமை சாயங்காலங்களில் நூலகத்து வாசகர் வட்டத்தையும் அவள்தான் நடத்தினாள். கல்யாணத்துக்கு ஐந்து வருஷம் முன்பிருந்தே வெர்னா அந்த வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணமாகிவிட்டது என்பதற்காகப் புத்தகத்தை விடுவதா என்று அவள் யோசிக்கக்கூட இல்லை.

அந்த நவம்பரில் வட்டம் எடுத்துக்கொண்டது நூறு வருஷத்துப் பழைய நாவல் ஒன்று. அந்தப் பக்கங்களில் பதினாறு வயதில் அதைப் படிக்காமல் யாரும் பள்ளியைத் தாண்டுவதில்லை. டெல்ஃபீன் என்று ஒரு சலவைக்காரி. அவளை உயிருக்குயிராய்க் காதலிக்கும் நெட் என்ற படகோட்டி. அவனை விட்டுவிட்டு, தான் துணி துவைத்துக் கொடுக்கும் மாளிகையின் சொந்தக்காரர், மனைவியை இழந்த மரவியாபாரி க்ரோலை அவள் கட்டிக்கொள்கிறாள். கடைசியில் க்ரோலின் மர ஆலைகள் எரிந்து சாம்பலாகின்றன. நெட் படகை எடுத்துக்கொண்டு ஆற்றோடு போய்விடுகிறான். காதலைக் காசுக்கு விற்றவள் என்றுதான் டெல்ஃபீனைப் பற்றி எல்லாப் பள்ளிக் குறிப்புகளும் எழுதிவைத்திருக்கின்றன.

ஆளுக்கு ஒரு பாத்திரத்தை அலசிக்கொண்டு வர வேண்டும் என்று கிர்ஸ்டன் துண்டுச்சீட்டு கொடுத்தாள். வெர்னாவின் சீட்டில் டெல்ஃபீன் என்று இருந்தது. பக்கத்திலிருந்த இரண்டு பேர் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஆர்வித் சீட்டைப் பார்த்ததும் முகம் சிவந்தார். “வேணும்னே பண்றா. நான் அவகிட்ட பேசறேன்.”

“நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். எனக்கு நல்ல பாத்திரம் கிடைச்சிருக்கு. வட்டத்துக்கு வர்ற பல் டாக்டருக்குப் படகோட்டிதான் கிடைச்சிருக்கான், பாவம்.”

இரண்டு வாரத்தில் அவள் நாவலை மூன்று தடவை படித்தாள். பக்க ஓரமெல்லாம் பென்சில் கோடு. சமையலறையில் நின்றபடியே சில சமயம் வாய்விட்டுச் சிரித்தாள். “என்ன?” என்று ஆர்வித் கேட்டால், “பிடிச்சுட்டேன்” என்பாள், என்ன என்று சொல்ல மாட்டாள்.

அந்த வியாழக்கிழமை பதினோரு பேர் வந்திருந்தார்கள். முதலில் பல் டாக்டர் வால்ட்டர் பெக், நெட்டைப் பற்றிப் பேசினார். காசு பணம் பார்க்காத தூய காதல், ஆற்றைப் போலக் களங்கமில்லாத மனசு என்று உருகினார். அடுத்தது வெர்னா.

“வால்ட்டர், உங்க ஆளைப் பத்தி நானும் கொஞ்சம் சொல்லிக்கறேன்” என்று ஆரம்பித்தாள். “நெட் எந்த அறைக்குள்ள வந்தாலும் ஏதாவது ஒண்ணோட விலையைச் சொல்றான். தொப்பி என்ன விலை, குதிரை என்ன விலை. அவளுக்கு மோதிரம் போடற அன்னிக்கும், இது எத்தனை நாள் கூலின்னு சொல்லித்தான் போடறான். ஒவ்வொரு இடத்துலயும் கோடு போட்டு வச்சிருக்கேன். டெல்ஃபீன் புத்தகம் முழுக்க ஒரு தடவைகூட எதோட விலையையும் கேக்கல.”

வால்ட்டர் தன் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

“அப்புறம் அந்த அடுப்புங்க. கல்யாணமான ராத்திரி மாளிகையில எத்தனை கணப்பு எரியுதுன்னு அவ எண்ணிப் பாக்கறா. பேராசைன்னு எல்லாரும் எழுதறாங்க. நான் பிறந்தது சக்கரம் வச்ச தகர டிரெய்லர் வீட்டுல. ஜனவரியில எங்க குடிதண்ணி வாளியே உறைஞ்சு கிடக்கும். குளிர்ல கிடந்தவ அடுப்பைத்தான் எண்ணுவா. அதுக்குப் பேரு பேராசை இல்ல. இந்த விளக்கம் எழுதினவங்க யாருக்கும் கால் விறைச்சதே இல்ல போல.”

யாரோ சிரித்தார்கள். கிர்ஸ்டன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தாள்.

“ஒரு கேள்வி, மிசஸ் லிண்டால். க்ரோல் ஏழையா இருந்திருந்தா டெல்ஃபீன் அவரைக் கட்டிக்கிட்டிருப்பாளா?”

கேள்வி யாருக்கு என்று அங்கே தெரியாதவர் இல்லை.

“மாட்டா” என்றாள் வெர்னா, கொஞ்சமும் தயங்காமல். “அந்த வீட்டோட வெதுவெதுப்பு அவளுக்குப் பிடிச்சிருந்தது. அதை ஏன் மறைக்கணும்? அந்த மனுஷனையும் பிடிச்சிருந்தது. ரெண்டும் ஒண்ணா வந்தது, ஒண்ணாவே எடுத்துக்கிட்டா. காதல்னா அதுல காசு வாசனையே இருக்கக் கூடாதுங்கறது, வயிறு நிறைஞ்சவங்க போட்ட சட்டம். ஆலை எரிஞ்ச பிறகு என்ன பண்ணினா, பாருங்க. கடைசி அத்தியாயத்துல ஒத்தை அறையில அவருக்குக் கால் கழுவி விடறா. அதை மட்டும் குறிப்பு எழுதினவங்க யாருமே படிக்கல.”

வெர்னா உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள்.

“ஆனா இந்தப் புத்தகத்துல ஒரு தப்பு இருக்கு. பெரிய புத்தகம்கறதுக்காக விட முடியாது. க்ரோலுக்கு முதல் மனைவியோட பொண்ணு ஒருத்தி இருக்கா, லூயிசா. அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி எவ்வளவு வாயாடி. கல்யாணத்துக்கு அப்புறம் நாலு இடத்துல வர்றா. நாலு இடத்துலயும் ஜன்னல் பக்கம் நிக்கறா. ஒரு வார்த்தைகூட பேச விடல எழுதினவர். அம்மா போன வீட்டுல வேற ஒருத்தி நடமாடறதை அவ எப்படிப் பாத்துக்கிட்டிருந்தா? டெல்ஃபீனும் கேக்கல. அவ மேல எனக்கு இருக்கற கோபம் அது ஒண்ணுதான்.”

மற்றவர்களின் பாத்திரங்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மேசையில் இருந்த எலுமிச்சைக் கேக் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகிற போக்கில் வால்ட்டர், “படகோட்டியைக் கவுத்துட்டீங்களே” என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

கோட்டு மாட்டியிருந்த இடத்தில் கிர்ஸ்டன் நின்றிருந்தாள். கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

“அந்தச் சீட்டை நான் வேணும்னுதான் குடுத்தேன்.”

“தெரியும்.”

“என் கோபம் வீட்டுக்காகவோ பணத்துக்காகவோ இல்ல, வெர்னா.” பெயரைச் சொல்லிவிட்டோம் என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. “அப்பா உங்களுக்குப் பட்டாணி சூப் வைக்கிறாராம். போன்ல சொன்னாரு, ஏதோ சாதனை பண்ணின மாதிரி. எங்க அம்மா முப்பத்தஞ்சு வருஷம் அந்த அடுப்படியில நின்னாங்க. ஒரு நாள்கூட அவரு கரண்டியைத் தொட்டதில்ல.”

ஆறுதலாக வெர்னா ஏதாவது சொல்லலாம், அது பொய்யாகிவிடும். “நான் பார்க்கறது உங்க அம்மா பார்க்காத ஆர்வித்” என்றாள். “அவங்களுக்குக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைக்குது. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கப் போறதில்ல. ஆனா நீங்க கோபப்படறதுல தப்பே இல்ல. என்னைவிட அவர்கிட்ட கோபப்பட்டா இன்னும் சரியா இருக்கும்.”

கிர்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று சிரித்துவிட்டாள். “சூப் எப்படி இருக்கும்?”

“வாயில வைக்க முடியாது. உப்புன்னு ஒண்ணு இருக்கறதே அந்த மனுஷனுக்குத் தெரியாது.”

சனிக்கிழமை மதியம் கிர்ஸ்டன் அட்டைப் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் நீலப்பூத் தட்டுகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வெர்னா நாளிதழை விரித்து ஒவ்வொரு தட்டாகச் சுற்றிக் கொடுத்தாள். வேலை முடிந்ததும் கிர்ஸ்டன் சமையலறை நாற்காலியில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அம்மாவைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். ஆர்வித் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவும் மகளும் தனியாகப் பேசட்டும் என்று வெர்னா கதவைச் சாத்திவிட்டு, பனிக்காலணியை மாட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் நடக்கப் போனாள்.