ஏழாம் நம்பர் பஸ்ஸின் ஃபில்டர்

விசாரணை பதினோரு மணிக்கு என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். தீர்ப்பும் அதே நோட்டீஸில் இருந்தது, அதுதான் கொடுமை. "ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தும் பொருட்படுத்தாமல் ஓட்டி இன்ஜினைப் பாழாக்கிய ஏழாம் நம்பர் டிரைவர்" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, கடைசி வரியில் "விளக்கம் கேட்கப்படும்" என்றால் என்ன அர்த்தம்? எல்லாம் முடிந்த பிறகு விளக்கம் எதற்கு, சட்டம் போட்டு மாட்டவா?

அதைப் படித்த மெக்கானிக்கின் காது மடல் சுட்டது. அந்தப் பள்ளி பஸ் டிப்போவின் பன்னிரண்டு வண்டிகளுக்கும் அவள் ஒருத்திதான் மெக்கானிக். ஏழாம் நம்பர் டிரைவர் அவளுடைய கொழுந்தன். பதினான்கு வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன். இந்தப் பழி அவன் பெயரில் ஏறிவிட்டால், பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியை இனி எவரும் அவனிடம் கொடுக்க மாட்டார்கள்.

நேற்று மத்தியானம் பாலத்தின் நடுவில், முப்பத்திரண்டு பிள்ளைகளோடு, இன்ஜின் கடகடவென்று கத்திவிட்டு இறுகி நின்றது. அவன் பிள்ளைகளை ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லி, ஓரமாக நடத்திப் பாலத்தைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தான். அதற்கு நன்றி சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"அண்ணி, விளக்கு ஓடும்போது எரியவே இல்ல," என்றான், பட்டறை வாசலில் நின்றபடி. கண் சிவந்திருந்தது. "காலையில ஸ்டார்ட் பண்ணினா மட்டும் அணைய லேட்டாகும். அத நாலு தடவ டிரிப் ஷீட்ல எழுதிக் குடுத்தேன்."

"அத எவன் படிச்சான்? மேனேஜர் மேசைத் தட்டுல கோழி முட்டை போட்டிருந்தாக்கூட இந்நேரம் குஞ்சு பொரிச்சிருக்கும்," என்றாள். "நீ மூஞ்சியக் கழுவிட்டு வா தம்பி. அழுத மூஞ்சியோட போய் நிக்காத."

அவள் ஏழாம் நம்பரின் அடியில் படுத்து ஃபில்டரைக் கழற்றினாள். ஆயிலில் இருக்கும் அழுக்கை வடிகட்டுகிற, உள்ளங்கை அளவு தகர டப்பா. கழற்றும்போதே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன்பு மேனேஜர் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு ஞானம் பெற்றுத் திரும்பினார். இனிமேல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டாம், புது வகை ஆயில் இருபதாயிரம் தாங்கும் என்றார். அவள் மறுக்கவில்லை. ஆயில் நல்ல ஆயில்தான். ஆனால் ஆயில் இருபதாயிரம் தாங்கினால் ஃபில்டரும் இருபதாயிரம் தாங்க வேண்டாமா? அந்த ஆயில் அழுக்கைத் தேங்கவிடாமல் தூக்கிக்கொண்டு சுற்றும். அத்தனையையும் பிடித்து வைக்கப் பெரிய, கெட்டியான ஃபில்டர் வேண்டும். போதாக்குறைக்கு இது வீட்டுக்கு வீடு நின்று கிளம்புகிற வண்டி. நிற்கும்போதும் இன்ஜின் ஓடுகிறது, கிலோமீட்டர் மட்டும் ஏறுவதில்லை. இருபது என்பதே அதிகம், பதினைந்து வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"பழைய வகை ஃபில்டர் அலமாரி நிறைய இருக்கு. அது முதல்ல தீரட்டும்," என்றார் மேனேஜர். பக்கத்தில் நின்ற, உதிரிபாகங்களைக் கவனிக்கிற ஸ்டோர்காரர் தலையாட்டினார். அவருக்குக் கழுத்து அதற்கென்றே படைக்கப்பட்டது.

அவள் ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டாள். மறுநாள் அந்த டப்பாவையே மாட்டினாள்.

பதினோரு மணிக்கு, மேனேஜர் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, வெட்டும் கருவியால் எல்லார் முன்னாலும் டப்பாவைச் சுற்றி அறுத்தாள். வாசலில் நான்கைந்து டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே காகித மடிப்புகள் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் நசுங்கிக் கிடந்தன. விரலால் வழித்தாள். கறுப்புக்குள் உலோகத்தூள் மினுங்கியது.

"அடைச்சுக்கிட்டா உள்ள இருக்கிற வால்வு தொறந்து, ஆயில வடிகட்டாமலே விட்டுடும். ஆயில் ஓடிக்கிட்டே இருக்கிறதால விளக்கும் எரியாது. பேரிங்க இந்த அழுக்கு அரைச்சிருக்கு." டப்பாவுக்குள்ளிருந்து ஒரு ரப்பர் வில்லையை எடுத்து வளைத்தாள். அது படக்கென்று உடைந்தது. "வண்டி நிக்கும்போது ஆயில் வடிஞ்சு போகாம பிடிச்சு வைக்கிறது இதுதான். பத்தாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் வளையும். அதுக்கப்புறம் இப்படி உடையும். அதனாலதான் காலையில விளக்கு அணைய லேட்டாச்சு. அவன் நாலு தடவ எழுதினான். உங்க தட்டுல இருக்கு, எடுத்துப் பாருங்க."

மேனேஜர் தட்டைப் பார்க்கவில்லை. "இத மாட்டினது யாரு?" என்றார்.

"நான்."

"அப்ப தப்பு உன்னோடது."

"ஆமா. தாங்காதுன்னு தெரிஞ்சே மாட்டினேன், எழுதிக்குங்க. அலமாரி தீரட்டும்னு நீங்க சொன்னதையும் எழுதுங்க."

"நான் சொன்னேன்னு என்ன ஆதாரம்?"

அவள் சுவரோரம் நின்ற ஸ்டோர்காரரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஆறு மாதம் தலையாட்டிய மனிதருக்கு இப்போது கழுத்து மட்டும் பிடித்துக்கொண்டது!

மேனேஜர் கொழுந்தன் பக்கம் சாவியைத் தள்ளினார். "உன் மேல தப்பில்ல. மூணு மணிக்கு நாலாம் நம்பர எடு. உங்க அண்ணி இன்னையிலேர்ந்து எந்த வண்டியிலயும் கை வைக்கக் கூடாது."

அவன் சாவியை எடுத்தான். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அவன் தப்பித்தானே.

"நாலாம் நம்பர்ல எந்த ஃபில்டர் அண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய், அவன் வேலை நிலைத்திருக்கும். அவள் ஏற்கெனவே ஒருமுறை வாயை மூடிக்கொண்டு மாட்டியவள்.

"அதே டப்பாதான். பதினேழாயிரம் ஓடியாச்சு."

அவன் சாவியை அழுக்குக் காகிதத்தின் மேலேயே வைத்தான். "நான் எடுக்க மாட்டேன் சார்."

"ரெண்டாம் நம்பர்ல?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. பிறகு ஐந்து, பிறகு ஒன்பது. அவள் ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டரோடு பதில் சொன்னாள். சாவிகள் மேசைக்கு வந்தன.

"பசங்க என்ன பண்ணுவாங்க? மூணு மணிக்கு யாரு கூட்டிட்டு வர்றது?" மேனேஜருக்குக் குரல் கீச்சென்று போனது.

"சரியான ஃபில்டர் எதிர்க் கடையில இருக்கு. கழட்டி மாட்ட வண்டிக்குக் கால் மணி நேரம். ஆனா நான் கை வைக்கக் கூடாதே," என்றாள். "எழுதிக் குடுங்க. 'என் உத்தரவால் மாட்டிய பழைய ஃபில்டர்களை மாற்றவும்.' இவ்வளவுதான்."

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். "பழைய ஃபில்டர்களை மாற்றவும்" என்று மட்டும் இருந்தது.

அவள் காகிதத்தைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"முதல் மூணு வார்த்தை விட்டுப் போச்சு சார்."