மேல் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே

அண்ணனுக்கு இன்னும் சட்டைகூட மாற்றவில்லை, அதற்குள் அண்ணி வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டாள். சமையலறை ஜன்னல் வழியே இதைப் பார்த்த நாத்தனார், கையிலிருந்த டீத் தட்டை யாரிடமோ திணித்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். துக்க வீட்டு வாசலில் அவரவர் செருப்பு அவரவருக்குக் கிடைத்துவிடுமா என்ன? எதிர்வீட்டுக்காரருடையது அகப்பட்டது. அதை இழுத்துக்கொண்டு ஓடினாள். தெருவில் யார் வீட்டில் பால் பொங்கினாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான். சொந்த அண்ணன் வீட்டு விஷயம் அவளைத் தாண்டிப் போக விடுவாளா?

அண்ணன் உயிர் போனதும் சத்தமில்லாமல்தான். முந்தின நாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர், செய்தி முடிந்த பிறகும் சேனல் மாற்றவில்லை. மகளோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் டீச்சர். வானம் தெளிவாகத்தான் இருந்தது, கடல்தான் முறுக்கிக்கொண்டது. படகை நிறுத்திவிட்டார்கள். அடிக்கிற வெயிலுக்குச் சாயங்காலத்துக்கு மேல் உடலை வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. மகள் அப்பா முகத்தைப் பார்க்க ஒரே வழி, பயிற்சிப் பள்ளியின் இரண்டு சீட்டு விமானம். அதை ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அண்ணன். பழுதுபார்ப்பது அண்ணி.

விமானக் கொட்டகையில் புது பைலட் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். விமானத்தின் அடிவயிறு மூக்கிலிருந்து வால்வரை கறுத்து வழிந்துகொண்டிருந்தது.

“இதுல நான் கடல் தாண்ட மாட்டேங்க்கா. இருக்கிறது ஒரு இன்ஜின். நேத்து காலையில சார் குச்சியோட மேல் கோடு வரைக்கும் ஆயில் ஊத்திட்டுப் பறந்ததை நானே பார்த்தேன். இப்ப எல்லாம் வெளியில இருக்கு.”

நாத்தனார் யாராவது கேட்டுவிட்டார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெண்டாட்டி சரியாகப் பார்க்காத இன்ஜின் என்று ஊர் பேசுமே. ஊரென்ன, அவளே நாலு இடத்தில் பேசியிருப்பாள்.

அண்ணி நேராக இன்ஜின் பக்கம் போனாள். மூடியைத் திறந்து, ஆயில் பார்க்கும் குச்சியின் தலையைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. எதை மூடினாலும் உயிரைக் கொடுத்து இறுக்குவது அண்ணன் வழக்கம். ஊறுகாய் ஜாடியைத் திறக்க எத்தனையோ நாள் இரண்டு வீட்டு ஆம்பிளைகள் கூடியிருக்கிறார்கள். பைலட் குறடு எடுத்து நீட்டினான். அண்ணி அதை வாங்கவில்லை. அவர் கடைசியாக இறுக்கிய அந்த இடத்தைக் கையாலேயே, மெல்ல மெல்லத் திருகித் திறந்தாள். குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். மேல் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது எண்ணெய்.

“இந்த இன்ஜினுக்கு இதுதான் அளவு. இதுக்கு மேல ஊத்தினா அதோட மூச்சுக் குழாய் வழியா வெளியில துப்பிடும். துப்பினது வயித்துல அப்பும். லீக்குன்னு நினைச்சு மறுபடி ஊத்துவீங்க, அது மறுபடி துப்பும்.”

“சார் எப்பவும் நிறையத்தான் ஊத்துவாரு.”

“உங்க சார் தட்டுலயும் அப்படித்தான் போடுவாரு. போதும்னு எவன் சொன்னாலும் காதுல விழாது.”

அது உண்மை. அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். கல்யாணமான நாள் முதல் புருஷன் ஊற்றியதும் பெண்டாட்டி துடைத்ததும் தெரு முழுக்கத் தெரியும். நாத்தனார் எப்போதும் அண்ணன் கட்சி. நிறைய ஊற்றினால் நல்லதுதானே, இவள் கருமி என்பது அவள் தீர்ப்பு.

அண்ணி வாயால் சொன்னதோடு விடவில்லை. இன்ஜின் உறையைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொரு குழாயையும் இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் கசிவில்லை. உறையை மாட்டிவிட்டு, துணியும் வாளியுமாக அடியில் மல்லாந்து படுத்து, வயிற்றைத் துடைக்க ஆரம்பித்தாள். நாத்தனார் சும்மா நிற்கமாட்டாமல் ஒரு துணியை எடுத்து வால் பக்கம் தேய்த்தாள். பைலட் பாதுகாப்புக்கென்று ஒரு டப்பா ஆயிலைத் திறந்தான். அண்ணி எழுந்து வந்து ஊற்றும் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“கூடவே நான் ஏறுறேன். கடல் பக்கம் போகாம ஊரை மட்டும் சுத்தி வருவோம். இறங்கினதும் வயித்துல ஒரு கறை இருந்தாலும் நீங்க வீட்டுக்குப் போகலாம். பொண்ணுக்கு நானே சொல்லிக்கிறேன்.”

போனார்கள், சுற்றினார்கள், இறங்கினார்கள். பைலட் உடனே குச்சியை உருவப் போனான். மேலே தெறித்த எண்ணெய் அடியில் வடிந்து சேர வேண்டும், இப்போது பார்த்தால் குறைத்துத்தான் காட்டும் என்று அண்ணி அவனை உட்கார வைத்தாள். வீட்டில் சொந்தக்காரர்கள் எங்கே எங்கே என்று போன் அடிக்கிறார்கள், இவள் எண்ணெய் வடியக் காத்திருக்கிறாள். நாத்தனார் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு பார்த்தார்கள். அளவு அதே இடத்தில் நின்றது, வயிறு காய்ந்து கிடந்தது. பைலட் தீவுக்குப் போக ஏறி இன்ஜினைக் கிளப்பினான்.

வெயில் சாய்வதற்குள் விமானம் திரும்பி வந்தது. அதற்குள் பாதித் தெரு கொட்டகை வாசலில் கூடியிருந்தது. மகள் இறங்கினாள். அண்ணி அவளைக் கட்டிக்கொள்வாள் என்று எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மகளின் கன்னத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு, இறக்கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

வயிறு சுத்தமாக இருந்தது. இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் அண்ணி வெளியே வரவில்லை. காய்ந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மகளும் குனிந்து உள்ளே போனாள்.

நாத்தனார் அவசரமாக நடந்து போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமல், முந்தானையை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு இறக்கை ஓரத்தில் நின்றாள்.

“உள்ளே என்ன பண்றாங்க ரெண்டு பேரும்?” எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஆயில் பார்க்கிறாங்க,” என்றாள்.